மான் பிழைத்ததா?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ராஜகீழ்ப்பாக்கத்திலுள்ள எங்கள் வீட்டில் ஒரு வழக்கு எழுந்தது. வாதி என் மகள், பிரதிவாதி நான். சான்றுப் பொருள், எட்டு வயதுப் பேத்தியின் தலையணைக்கடியில் கிடந்த ஒரு கதைப் புத்தகம். தீர்ப்பு இன்னும் முழுமையாக வழங்கப்படவில்லை. ஆயினும் வழக்கின் போக்கில் எனக்கு விளங்கியவற்றைக் குழந்தைகள் உள்ள இல்லத்தாரோடு பகிர்ந்துகொள்ளலாம் என்றே இதனை எழுதத் துணிந்தேன்.

குழந்தைக்குக் கழுத்தில் நெறி கட்டியிருந்தது. மாலைதோறும் இலேசான காய்ச்சல், உணவில் வெறுப்பு, பள்ளிச் சீருடை தோளிலிருந்து நழுவும் அளவுக்கு மெலிவு. பரிசோதனைகளுக்குப் பின், காசநோய்க் கிருமி கழுத்துக் கணுக்களில் தங்கியிருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். இது பிறருக்குத் தொற்றும் வகையன்று என்றும், ஆறு மாதம் விடாமல் மருந்து கொடுத்தால் குணமாகிவிடும் என்றும் ஆறுதல் கூறினார். காசம் என்ற சொல்லைக் கேட்டதும் என் மகள் நாற்காலியின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். என் தலைமுறையினருக்கோ அச்சொல் இன்னும் கனமானது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. காய்ச்சல் நின்றது, கன்னத்தில் சதை பிடித்தது. மூன்றாம் மாதத்தில் ஒருநாள், மாடிமுகப்பில் இருந்த மல்லிகைத் தொட்டிக்கு நீர் ஊற்றப்போன என் மகள் அப்படியே நின்றுவிட்டாள். தொட்டி மண்ணில் செங்காவி நிறத்தில் கறை படிந்திருந்தது. நீரில் கரைத்துக் கொடுக்கும் அந்த மாத்திரையின் நிறம் எங்கள் வீட்டில் அனைவருக்கும் பழக்கமானது. நான்கு நாள் மருந்தை மல்லிகை குடித்திருந்தது.

அதட்டியும் கெஞ்சியும் கேட்டபின் குழந்தை விளக்கம் சொன்னாள். "கதையில அந்தப் பையனுக்கு மான் நீலப்பூ கொண்டாந்து குடுத்ததும் சரியாப் போச்சுல்ல? நம்ம வீட்டுக்கு மான் வராது. அதான் செடிக்கு மருந்து ஊத்தினேன். செடி குடிச்சா, பூக்குற பூ மருந்துப் பூவாத்தானே வரும்? எனக்கும் எடுத்துக்கலாம், எதிர்வீட்டுப் பாட்டி முழங்கால் வலிக்கும் குடுக்கலாம்."

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

"சிரிக்கிறீங்களா அத்தா? நீங்க வாங்கிக் கொடுத்த பொய் தானே இது!" என்று என் மகள் குமுறினாள். அன்று மாலையே கதைப் புத்தகங்கள் அனைத்தும் ஒரு சாக்குப் பையில் கட்டப்பட்டுப் பரணுக்கு ஏறின. மருத்துவரிடம் ஓடினோம். விட்டுப்போன நாட்களைச் சேர்த்து நீட்டிக்கொள்ளலாம். ஆனால் மீண்டும் இவ்வாறு நேரக்கூடாது. அரைகுறையாக மருந்துண்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும் என்று எச்சரித்து அனுப்பினார். என் மகளின் சினம் நியாயமானதே என்பதை அப்பொழுதே உணர்ந்தேன். இருப்பினும் 'பொய்' என்ற அந்தச் சொல் என் உள்ளத்தில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

அச்சொல் எனக்குப் புதிதன்று. 1947ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பெற்ற அம்புலிமாமா, என் பிள்ளைப் பருவத்தில் எங்கள் ஊர்த் தெருக்களில் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. என் அத்தாவுக்கு அது பிடிக்காது. பேசும் கிளி, பறக்கும் குதிரை எல்லாம் பொய், பொய் பழகினால் நாவு கெடும் என்பார். நான் அதைப் பூகோளப் புத்தகத்தின் நடுவே வைத்துப் படித்தவன். அதே வீட்டில், நோன்பு இரவுகளில் என் நன்னி குலேபகாவலிக் கதையைச் சொல்லுவார். மகனைக் கண்ட மாத்திரத்தில் மன்னனுக்குக் கண்ணொளி போய்விடுகிறது. பகாவலி என்னும் பரியின் தோட்டத்துப் பூவைக் கொணர்ந்து கண்ணில் வைத்தாலன்றி ஒளி திரும்பாது. இளவரசன் தாஜுல் முலூக் பூவைத் தேடிப் புறப்படுகிறான். 1722இல் பாரசீகத்தில் எழுதப்பெற்று, 1803இல் கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரிக்காக உருதுவுக்கு வந்து, 1955இல் எம்.ஜி.ஆர். நடித்த படமாகவும் தமிழருக்கு அறிமுகமான கதை அது. நன்னி அதைச் சொல்லுகையில் அத்தாவும் தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அச்சில் வந்தால் பொய், நன்னியின் வாயில் வந்தால் கிஸ்ஸா! இந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டும் துணிவு எனக்கு அக்காலத்தில் இல்லை.

சிற்றுயிர்கள் பேசுவது நம் குழந்தைகளுக்கு வியப்பன்று. திருமறையின் 27ஆம் அத்தியாயத்துக்கு எறும்பின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. நபி சுலைமான் (அலை) அவர்களின் படை வருவதைக் கண்டு தன் இனத்தாரை எச்சரித்த எறும்பும், ஸபா நாட்டுச் செய்தி கொணர்ந்த ஹுத்ஹுத் பறவையும் நம்மைப் பொறுத்தவரை கதையல்ல, உண்மை. அவற்றைக் கற்பனைக் கதைகளோடு ஒரே தட்டில் வைப்பது என் நோக்கமன்று. ஆனால் அவற்றைக் கேட்டு வளரும் குழந்தை, மரமும் பறவையும் தம் இறைவனை அறிந்த சமுதாயங்கள் என்று எண்ணிப் பழகுகிறது. அந்த ஹுத்ஹுத்தைத்தான் நாம் கொண்டலாத்தி என்கிறோம். எங்கள் தெருக்கோடியில் இன்னும் வீடு எழும்பாத ஒரு மனையில், தலைக்கொண்டையை விரித்து மடக்கிக்கொண்டு அது புழு கொத்துவதைப் பேத்திக்குக் காட்டியிருக்கிறேன். "இதோட கொள்ளுத் தாத்தாதான் ராணிக்குக் கடிதம் கொண்டு போனாரா?" என்று கேட்டாள். மறுத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு குழந்தையின் பறவையைப் பற்றி விசாரித்த செய்தியும் என் நினைவுக்கு வந்தது. அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர் சிறுகுழந்தை. நுகைர் என்னும் சிறு பறவையை வளர்த்து விளையாடி வந்தார்; அது இறந்துவிட்டது. வாடிய முகத்தோடிருந்த அக்குழந்தையிடம், பறவையின் பெயரும் குழந்தையின் பெயரும் இயைபாக ஒலிக்குமாறு, அந்தப் பறவை என்னவாயிற்று என்று பெருமானார் பரிவோடு வினவினார்கள். நபிமொழித் தொகுப்புகளில் மிக உறுதியானவற்றுள் இடம்பெற்ற செய்தி இது. பறவை செத்துப் போகவில்லை என்று அவர்கள் ஆறுதல் கூறவில்லை. அதைப் பற்றிப் பேசாதே என்றும் தடுக்கவில்லை. இந்த நுட்பம் எனக்கு வெகுநாள் கழித்தே புலப்பட்டது.

இனி அந்த நீலப்பூப் புத்தகத்துக்கு வருவோம். அதை எழுதியவர் பெயரை இங்கே கூறவேண்டியதில்லை. இத்தகைய நூல்கள் எல்லா மொழிகளிலும் ஏராளம். சன்னலோரத்தில் ஒரு நோயாளிக் குழந்தை, வெளியே ஒரு காடு, காட்டிலிருந்து நட்புப் பூண்டு வரும் ஒரு விலங்கு, ஒரு பூ அல்லது ஒரு சுனை, உடனே நலம்! படங்கள் அழகானவை. நானே மகிழ்ந்து படித்ததுதான். பரணில் ஏற்றப்பட்ட பிறகு அதன் குறை என்ன என்று எண்ணிப் பார்த்தேன். பூ இருப்பது குறையன்று. நன்னியின் கதையிலும் பூ உண்டு. ஆனால் அக்கதையில் பூ கிடைப்பதற்குள் இளவரசன் படும் பாடு சொல்லி மாளாது. கிடைத்த பின்னும் உடன்பிறந்தார் அதைப் பறித்துக்கொள்கிறார்கள். கதை அதன்பின் எத்தனையோ இரவுகள் நீளும். நீலப்பூவோ இரண்டு பக்கத்தில் வந்து மூன்றாம் பக்கத்தில் வேலையை முடித்துவிடுகிறது. காத்திருத்தல் என்பது அதில் அறவே இல்லை. ஆறு மாதம் காத்திருக்க வேண்டிய ஒரு குழந்தைக்கு அது எவ்வாறு துணையாக இருக்கும்?

என் தலைமுறைக்குக் காசம் கனமான சொல் என்றேனல்லவா? எங்களுக்கு மேற்கே, இரயில் பாதைக்கு அப்பால், ஓர் இரயில் நிலையத்துக்கே 'சானடோரியம்' என்று பெயர். டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928இல் அங்கே காசநோயாளிகளுக்கென மருத்துவ விடுதியைத் தொடங்கினார். அதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் அத்தகைய விடுதி ஒன்றை நடத்தியவர் அவர். கணித மேதை இராமானுஜன் அங்கு சில காலம் அவரிடம் சிகிச்சை பெற்றிருக்கிறார். திறந்த வெளி, மரக்காற்று, ஓய்வு, நல்லுணவு ஆகியவையே அந்நாளைய மருந்து. வேறு மருந்தும் கிடையாது. 1937இல் அரசாங்கம் அவ்விடுதியை ஏற்றுக்கொண்டது.

என் சின்னம்மா 1957இல் அங்கே இருந்தார். எனக்கு அப்போது ஏழு வயது. தஞ்சைப் பக்கத்திலிருந்து வண்டியேறி நன்னியுடன் பார்க்கச் சென்றேன். குழந்தைகளைக் கட்டிலருகே விடமாட்டார்கள். வேப்பமரத்தடியில் நிற்கும் என்னை நோக்கித் தாழ்வாரத்திலிருந்து கையசைத்து, தம் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துக் கைப்பிடிச் சுவரின்மேல் வைத்தார். ஓர் அணில் வந்து அதை இரு கைகளாலும் பிடித்துத் தின்றது. ஒன்றரை ஆண்டுக்குப் பின் சின்னம்மா உயிரோடு ஊர் திரும்பினார். அந்த மரங்களும் அந்த அணிலும்தாம் அவரைக் குணப்படுத்தின என்று நான் பல்லாண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளியில் கட்டுரையும் எழுதியிருக்கிறேன்.

உண்மை வேறு. ஸ்ட்ரெப்டோமைசின் 1944இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட மருந்து. சின்னம்மாவுக்கு அந்த ஊசிதான் போடப்பட்டது. அவர் படுத்திருந்த அதே காலத்தில் சென்னையில் ஓர் ஆராய்ச்சியும் நடந்துகொண்டிருந்தது. 1956இல் நிறுவப்பட்ட காசநோய் மருந்தாய்வு நிலையம் நோயாளிகளை இரு கூறாக்கி, ஒரு சாராரைச் சானடோரியத்திலும் மறு சாராரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டிலிருந்தோர் ஏழைகள், நெருக்கடியான இருப்பிடம், உணவும் குறைவு. 1959இல் முடிவு வெளிவந்தபோது, இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். காற்றும் ஓய்வும் இல்லாமலே மருந்து தன் வேலையைச் செய்தது. சென்னையில் கண்டறியப்பட்ட இவ்வுண்மை உலகெங்கும் சானடோரியங்களின் கதவுகளை மூடவைத்தது. என் பேத்தி இன்று தன் வீட்டுக் கட்டிலில் படுத்து மருந்துண்ண முடிவதும் அந்த ஆராய்ச்சியின் பயனே.

இதை அறிந்த நாளில் எனக்குச் சற்று ஏமாற்றம்தான். முதுமையில் சின்னம்மாவிடமே கேட்டுவிட்டேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "ஊசிதாண்டா பொழைக்க வச்சது, அதுல என்ன சந்தேகம்? ஆனா பக்கத்துக் கட்டில்காரி மூணாம் மாசமே ஊசி வேணாம்னு எழுந்து போயிட்டா. நாளைக்கு அணிலு வருமேன்னு நான் படுத்திருந்தேன்."

இங்கிலாந்துக் குழந்தைகள் நூறாண்டுக்கும் மேலாகப் படித்துவரும் 'இரகசியத் தோட்டம்' என்னும் நாவலை (1911) பின்னர் ஒருமுறை புரட்டியபோது, இந்தப் பேச்சு மீண்டும் நினைவுக்கு வந்தது. நடக்கமாட்டான் என்று கருதப்பட்ட பணக்காரச் சிறுவன், பூட்டிக் கிடந்த தோட்டத்தில் நண்பர்களோடு பழகி எழுந்து நடக்கிறான். அழகான கதை. ஆனால் அந்தச் சிறுவனுக்கு இருந்த நோயில் பெரும்பங்கு அச்சம். அச்சத்தைத் தோட்டம் போக்கும், கிருமியைப் போக்காது. குழந்தைக்குக் கதை சொல்லுகிற நாம் இதைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

மூலிகையைத் தேடிப்போகும் கதை நம் மரபிலும் உண்டு. பாரசீகத்து அரசன் நௌஷிர்வானின் மருத்துவர் புர்ஸோய், மாண்டாரை எழுப்பும் மூலிகை இந்திய மலைகளில் விளைகிறது என்று கேள்வியுற்று இங்கு வந்தார். மலைமலையாக அலைந்து, எல்லாச் செடிகளையும் சோதித்தும் ஒரு பிணம்கூட எழவில்லை. இறுதியில் முதியவர் ஒருவர், மூலிகை என்பது அறிவு மொழி, மாண்டார் என்பது அறியாதார் என்று விளக்கிப் பஞ்சதந்திரத்தின்பால் அவரை ஆற்றுப்படுத்தினார். ஃபிர்தௌஸி தம் ஷாநாமாவில் இவ்வாறு பாடுகிறார். அந்நூல் எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ கையால் அரபு மொழியில் 'கலீலா வ திம்னா' ஆயிற்று. வலையில் சிக்கிய புறாக்கள் ஒன்றுபட்டு வலையோடு பறப்பதும், எலி அதைக் கடித்து விடுவிப்பதும், காகமும் ஆமையும் மானும் அந்த நட்பில் வந்து சேர்வதுமான அத்தியாயம் அதில் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த அறிஞர் குழுவினர் 'இக்வானுஸ் ஸஃபா', அதாவது தூய நட்பினர், என்று தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டது இந்தப் புறாக் கதையிலிருந்தே என்று ஆய்வாளர் கருதுவர். மனிதர் மீது விலங்குகள் ஜின்களின் மன்னனிடம் வழக்குத் தொடுக்கும் நெடுங்கதையை எழுதியோரும் அவர்களே. ஒட்டகமும் தேனீயும் கிளியும் ஒவ்வொன்றாக எழுந்து வாதிடும் அந்தக் கதையைத் தமிழ்க் குழந்தைகளுக்கேற்பச் சுருக்கித் தருவார் இல்லையே என்பது என் நெடுநாள் மனக்குறை.

நான் பேத்திக்குத் தேர்ந்தது இவை எதனையும் அன்று. ஹய் இப்னு யக்ளான் கதையைத் தேர்ந்தேன். கதைப் புத்தகத்துக்குத் தடை. வாய்மொழிக்குத் தடை இல்லையே என்ற சிறு சூழ்ச்சியும் அதில் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அன்றைய ஸ்பெயின் நாட்டில் வாழ்ந்து 1185இல் மறைந்த இப்னு துஃபைல், மன்னரின் மருத்துவராகவும் இருந்தவர். அவர் எழுதிய அக்கதை 1671இல் இலத்தீனுக்கும் 1708இல் ஆங்கிலத்துக்கும் சென்றது. 1719இல் வந்த ராபின்சன் குரூசோவுக்கு அது தூண்டுகோலாயிற்று என்பாரும் உளர். கதை நிகழும் இடம் நம்மவர்க்கு அணுக்கமானது: நிலநடுக்கோட்டின் கீழுள்ள இந்தியத் தீவுகளுள் ஒன்று என்கிறார் ஆசிரியர். ஆளற்ற அத்தீவில் பேழையில் மிதந்து வந்து ஒதுங்குகிறது ஒரு பச்சிளங்குழந்தை. குட்டியை இழந்த ஒரு பெண்மான் அதன் அழுகுரலைத் தன் குட்டியின் குரலென்று எண்ணி ஓடிவந்து பாலூட்டி வளர்க்கிறது. ஏழு வயதில், எல்லா விலங்குக்கும் மயிரும் தோலும் இருக்கத் தனக்கு மட்டும் இல்லையே என்று நாணி அவன் இலைகளை உடுத்துகிறான்.

ஒவ்வோர் இரவும் மருந்துக் கோப்பை காலியான பின் ஒரு பகுதி என்பது உடன்பாடு. மாடிமுகப்பில் அமர்வோம். செம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து தவளைச் சத்தம் வரும். வாசலருகே துணி மடிப்பவள் போல் என் மகளும் நிற்பாள். மான் முதுமையடைந்து நடக்கமாட்டாமல் தளர்ந்ததையும், ஹய் இனிய பழங்களைத் தேடிக் கொணர்ந்து ஊட்டியதையும் சொல்லி வந்தேன். பத்தாம் இரவில் மான் படுத்துவிட்டது.

"நன்னா, மான் பொழைச்சுதா?"

என் நாவு எழவில்லை. குழந்தையின் கழுத்துத் தழும்பின் மேல் தெருவிளக்கு ஒளி விழுந்திருந்தது. "பிழைத்தது" என்று சொல்லிவிட்டேன். ஹய் ஒரு மூலிகையைக் கொணர்ந்ததாகவும், மான் எழுந்து துள்ளியதாகவும் இப்னு துஃபைல் எழுதாத ஒன்றை நானே கட்டிச் சேர்த்தேன். ஒரு நொடியில் நீலப்பூ ஆசிரியர் ஆகிவிட்டேன்!

மறுநாள் கதையைத் தொடர முடியவில்லை. மான் இறந்தால்தான் ஹய் சிந்திக்கத் தொடங்குகிறான். தீவைத் தனியே சுற்றுகிறான். இரண்டு இரவு தடுமாறினேன். மூன்றாம் இரவில் அவள் கேட்டாள்: "மான் இருக்குன்னீங்க. அப்ப ஏன் அவன் தனியாவே சுத்துறான்? மானைக் கூட்டிட்டுப் போகலையா?" சற்றுப் பொறுத்து, "செத்துப் போச்சா நன்னா?" என்றாள்.

ஆம் என்றேன். பொய் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். வாசலருகே துணி மடிப்பது நின்றது.

அதன்பின் உள்ளதை உள்ளபடி சொன்னேன். மான் அசையவில்லை. ஹய் வழக்கமான குரலில் அழைக்கிறான், பதில் இல்லை. கண்ணைப் பார்க்கிறான், காதைப் பார்க்கிறான். வெளியில் குறை ஒன்றும் தென்படவில்லை. தடை நெஞ்சுக்குள் இருக்கவேண்டும், அதை நீக்கினால் எழுந்துவிடும் என்று எண்ணிக் கூரிய கல்லால் மார்பைத் திறக்கிறான். இதயத்தைக் காண்கிறான். அதன் ஓர் அறை வெறுமையாக இருக்கிறது. அங்கே குடியிருந்தது எதுவோ அதுவே தன் தாய், இவ்வுடல் அன்று என்று அவனுக்கு விளங்குகிறது. ஒரு காகம் இன்னொரு காகத்தைப் புதைப்பதைக் கண்டு, தானும் குழிதோண்டித் தாயை அடக்கம் செய்கிறான். குழந்தை அழுதாள்; தேம்பி அழவில்லை. "அவனுக்கு மருந்து தெரியாதுல்ல. பாவம்" என்றாள். பிறகு, "வயசாயிட்டா மருந்து இருந்தாலும் செத்துப் போகுமா?" என்றாள். அதற்கும் ஆம் என்றேன்.

அடுத்த பகுதிதான் அவளுக்கு மிகவும் பிடித்தது. வளர்ந்து பெரியவனான ஹய் தனக்கென்று ஒழுக்கங்கள் வகுத்துக்கொள்கிறான். ஒரு செடியின் மேல் படும் வெயிலை வேறொன்று மறைத்தால் விலக்குவான். கொடி சுற்றி நெரித்தால் செடிக்கு ஊறு நேராமல் பிரிப்பான். வாடியதற்கு நீர் வார்ப்பான். கண்ணியில் அகப்பட்ட விலங்கை விடுவிப்பான். முள் தைத்திருந்தால் எடுப்பான். பழத்தைத் தின்றால் விதையைப் பாறையில் எறியாமல் முளைக்கும் மண்ணில் இடுவான். மந்திரப் பூ ஏதும் அத்தீவில் இல்லை. இதைக் கேட்ட மறுநாள் மல்லிகைத் தொட்டியின் மேல்மண்ணை அவளே கிளறி, கறைபட்ட மண்ணை அள்ளி அப்புறப்படுத்திவிட்டுப் புதுமண் இட்டாள். செடிக்கு மருந்து கசந்திருக்கும் என்று அதனிடம் ஏதோ முணுமுணுத்ததாக என் மகள் பின்னர்ச் சொன்னாள்.

மருந்து அதன்பின் இனித்துவிட்டதா என்றால், இல்லை. ஒவ்வோர் இரவும் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தாள். சில இரவுகளில் பேரம் பேசினாள். ஓரிரவு கோப்பையைத் தட்டியும் விட்டாள். அல்ஹம்துலில்லாஹ், நீட்டிக்கப்பட்ட நாட்களும் சேர்த்து மருந்து முடிந்தது. எடையைப் பார்த்துவிட்டு மருத்துவர் புன்னகைத்தார். சாக்குப் பை மட்டும் இன்னும் பரணில்தான் இருக்கிறது. "இறக்கலாமா?" என்று நான் கேட்டதற்கு, "முதல்ல நான் ஒவ்வொன்னாப் படிச்சுப் பாக்குறேன் அத்தா" என்றாள் என் மகள். நீலப்பூப் புத்தகத்தைத்தான் அவள் முதலில் எடுத்தாள். படித்து முடித்து இரண்டு நாளாகியும் கருத்து ஒன்றும் கூறவில்லை.

மருந்து நின்றாலும் கதை நிற்கவில்லை. ஐம்பது வயது வரை மனித முகமே காணாத ஹய்யின் தீவுக்கு, தனிமையில் இறைவனை வணங்க விரும்பி அப்ஸால் என்பவர் படகில் வந்திறங்கியிருக்கிறார். தோலாடை உடுத்திய ஹய்யைக் கண்டு அஞ்சி அவர் ஓடுகிறார். இவன் துரத்திப் பிடிக்கிறான். நேற்று அங்கே நிறுத்தினேன்.

"அவருக்கு இவன் பாஷை தெரியாது, இவனுக்குப் பாஷையே தெரியாது. எப்படி சிநேகமாவாங்க?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போனாள். இன்றிரவு சொல்லவேண்டும்.